பாதையில் ஏறிய லொறியும் எங்கள் பௌதிகவியல் சேரும்

எங்களுக்குப் பௌதிகவியல் படிப்பித்த சேர் முதல் மூன்று வாரமும் கரும்பலகையில் ஒரு சமன்பாடுகூட எழுதவில்லை. ஆளுக்கொரு வெள்ளைத் தாள் தந்து, பௌதிகவியலில் தெரிந்ததை எல்லாம் எழுதச் சொன்னார். எழுதிக் குவித்தோம். பிறகு ஒவ்வொருவரையும் எழுப்பி வரி வரியாக வாசிக்கவிட்டு, "இது நீ பார்த்ததா, கேள்விப்பட்டதா?" என்று கேட்டார். கேள்விப்பட்டது என்றால் வெட்டு. பூமி உருண்டை என்பதுகூட வெட்டுப்பட்டது. பின்வரிசையில் இருந்த ஒருத்தி மட்டும், "கோணேசர் கோயில் மலையில நின்டு பார்த்தா, தூரப் போற கப்பலின்ட அடிப்பக்கம்தான் சேர் முதல்ல மறையும், நான் கண்டிருக்கிறன்" என்றாள். அவளுடைய தாளில் அந்த வரி தப்பியது. மற்றவர்களின் தாள்களில் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை.

இது 2002இல் நடந்தது. அந்த வருடம் பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தாகி, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறுவது கொஞ்சம் குறைந்திருந்தது. நாங்கள் உயர்தரம், கணிதப் பிரிவு. திருகோணமலை நகரத்துப் பிள்ளைகளோடு நிலாவெளி, தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஓ.எல் வரை மனப்பாடத்தில் தேறி வந்தவர்கள்தான் எல்லாரும்.

இன்றைக்கு நானும் இதே மாவட்டத்தில் பௌதிகவியல்தான் படிப்பிக்கிறேன். ஆசிரியர் அறையில் 'வித்தியாசமான ஆள்' ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கதைதான் ஓடும். ஒன்றில் அவர் தெய்வம், மற்றதில் பிள்ளைகளைக் குழப்புகிறவர். சேருடைய வகுப்பில் உயர்தரம் முழுக்க இருந்து, கூடப் படித்தவர்கள் யார் யார் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று பார்த்துக்கொண்டும் இருப்பவள் என்றபடியால், இரண்டு கதையிலும் விடுபடுவதை எழுதலாம் என்று நினைத்தேன்.

முதலில் நல்லது. அது உண்மையிலேயே பெரிய நல்லது.

அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. 396 மீற்றர் நீளமான இன்றைய பாலம் 2009 ஒக்டோபரில்தான் திறக்கப்பட்டது. அதுவரைக்கும் ஆட்களும் வாகனங்களும் பாதையில்தான் அக்கரைக்குப் போகவேண்டும். பாதை என்று நாங்கள் சொல்வது அந்தத் தட்டை மிதவையை. மிதத்தல் பாடம் தொடங்கிய வாரம், சேர் அதிபரிடம் வாயால் ஒரு சொல் சொல்லிவிட்டு எங்களைப் பஸ்ஸில் ஏற்றித் துறையடிக்குக் கொண்டுபோனார். கையில் வெண்கட்டித் துண்டும் தையற்காரரின் அளவு நாடாவும் மட்டும். "லொறி ஏற முன்னம் தண்ணி எங்க நிக்குது, ஏறின பிறகு எங்க நிக்குது என்டு பாருங்கோ. லொறியின்ட திணிவை எனக்குச் சொல்லுங்கோ."

புத்தகத்தில் நீர்மட்டம் நேர்கோடாக இருக்கும். துறையடியில் அது ஓரிடத்தில் நிற்கவில்லை. அலை மேலும் கீழுமாக அடித்தது, வெண்கட்டி ஈர இரும்பில் பிடிக்கவில்லை, ஒருவன் வயிறு படியக் குப்புறப் படுத்துக்கொண்டு கோடு கீறப் பார்த்துச் சட்டையெல்லாம் கிரீஸ். கடைசியில் மூதூர்ப் பையன் ஒருவன்தான் வழி சொன்னான். கிழமை நாட்களில் நகரத்தில் மாமி வீட்டில் தங்கி, வெள்ளிக்கிழமை லோஞ்சில் ஊருக்குப் போகிறவன். அவனுடைய வாப்பா கடலுக்குப் போகிறவர். தண்ணீர் ஏறுகிற உச்சத்தையும் இறங்குகிற அடியையும் நாலைந்து தரம் அளந்து நடுவை எடுப்போம் என்றான். சரிவந்தது. மிதவையின் தளம் ஏறக்குறைய 12 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம். லொறி ஏறியதும் 7 சென்ரிமீற்றர் இறங்கியது. 72 சதுர மீற்றரை 0.07 ஆல் பெருக்கினால் 5 கன மீற்றருக்குச் சற்று மேல், அதாவது 5 தொன். சாரதியிடம் ஓடிப்போய்க் கேட்டோம். "சாமானோட அஞ்சுக்குக் கிட்ட வரும் தங்கச்சி" என்று சிரித்தார். எங்களுக்குத் தலைகால் புரியாத சந்தோசம்.

சேர் அதோடு விடவில்லை. "அஞ்சுதான் என்டு எந்தளவுக்கு நம்பலாம்?" என்று கேட்டார். அதே மூதூர்ப் பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இது கடல் தண்ணியா ஆத்துத் தண்ணியா சேர்? கடல் தண்ணி என்டா அடர்த்தி 1025 எல்லோ?" என்றான். தம்பலகாமக் குடாவுக்குள் கடலும் வரும், ஆற்று நீரும் வந்து சேரும். சேருடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே! வீதியோரத்தில் நின்றபடியே கணக்குப் போடவைத்தார். அடர்த்தியைப் பிழையாக எடுத்தால் விடை 2.5 வீதம்தான் மாறும். வெண்கட்டிக் கோடு அரைச் சென்ரிமீற்றர் பிழைத்தால் 7 வீதம் மாறும். ஆகவே தண்ணீரைப் பற்றி மண்டையை உடைக்காமல் கோட்டைக் கவனமாகக் கீறு. எந்த வழுவுக்குக் கவலைப்படுவது, எதைப் போகவிடுவது என்பதை நான் படித்தது அங்கேதான். அதன்பிறகு பல்கலைக்கழகத்தில் எத்தனையோ செய்முறை செய்தும் இவ்வளவு சுத்தமாக யாரும் விளங்கப்படுத்தவில்லை.

பிழையான விடைக்குச் சேர் புள்ளடி போடமாட்டார், கேள்விக்குறிதான். கேள்விக்குறி விழுந்தால் அடுத்த நாள் காரணம் சொல்லவேண்டும். தனக்குத் தெரியாத கேள்வி வந்தால் "தெரியாது, பாத்துக்கொண்டு வாறன்" என்பார், சொன்னபடி பார்த்துக்கொண்டும் வருவார். ஒருநாள் ஒருத்தியின் வரைபுத்தாளை பஸ் நிலையத்தடியில் மான் தின்றுவிட்டது. (திருகோணமலையில் மான்கள் கடைத்தெருவில் திரியும் என்றால் வெளியூர் ஆட்கள் நம்பமாட்டார்கள், வந்து பார்க்கட்டும்.) அவள் அழுதுகொண்டு வந்து சொல்ல, தரவுகளை ஞாபகத்தில் இருந்து சொல்லவைத்துவிட்டு, புள்ளிப் பதிவேட்டில் 'மூலப்பிரதி மானிடம்' என்று எழுதி முழுப்புள்ளி கொடுத்தார். இப்படிப்பட்டவரைப் பிள்ளைகளுக்குப் பிடிக்காமல் இருக்குமா?

பிடித்ததுதான் பிறகு வந்த கரைச்சலுக்கும் காரணம்.

கடந்தகால வினாத்தாள் செய்கிறவர்களைச் சேர் கிளிப்பிள்ளை என்பார். "விளங்கினவனுக்கு மிச்சம் தானா வரும்" என்பது அவருடைய மந்திரம். உயர்தரப் பௌதிகவியலில் முதலாம் பத்திரம் இரண்டு மணி நேரம், பல்தேர்வு வினா. இரண்டாம் பத்திரம் மூன்று மணி நேரம். அமைப்புக் கட்டுரை நான்கும் கட்டாயம், கட்டுரை வினா ஆறில் நான்கு. மொத்தம் எட்டு வினாவுக்கு 180 நிமிடம். இது விளக்கத்தை மட்டும் சோதிக்கிற பரீட்சை இல்லை, கையின் வேகத்தையும் சோதிக்கிறது. எங்களுக்கோ விசையும் இயக்கமும் வருகிற பொறியியல் பகுதியில் அளவு கடந்த ஆழம், இலத்திரனியலுக்கு வந்தபோது பரீட்சை வாசலில் நின்றது. புள்ளித் திட்டத்தை வகுப்பில் நாங்கள் கண்ணால் காணவில்லை.

வகுப்பில் எல்லாரும் சேர் சொன்னதற்குத் தலையாட்டினார்கள். ஆனால் நகரத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் சனி ஞாயிறில் ரியூசன் போனார்கள், வீட்டில் மூத்தவர்கள் பேராதனையிலோ மொறட்டுவையிலோ படித்தார்கள், அலுமாரியில் யாழ்ப்பாணத்துக் குறிப்புக் கொப்பிகள் இருந்தன. அவர்கள் பகலில் சேரோடு சேர்ந்து கிளிப்பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இரவில் மணிக்கூட்டை வைத்துக்கொண்டு பாஸ் பேப்பர் செய்தார்கள். அவர்களுக்குச் சேர் முழுக்க முழுக்க இலாபம். மூதூர்ப் பையனுக்கு வீட்டில் அப்படி யாரும் இல்லை. சேர் சொன்னதை அப்படியே நம்பினான். எல்லாருக்கும் முன்னால் சேரிடம் அவ்வளவு பாராட்டு வாங்கியவன் நம்பாமல் என்ன செய்வான்? மாமி கட்டிய ரியூசன் காசை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தான். அதைச் சேர் வகுப்பில் சொல்லிப் பெருமைப்பட்டார்.

2004 பரீட்சையில் அவன் கட்டுரை வினா இரண்டை மட்டும் முழுதாக எழுதினான். அதில் ஒன்றில் உராய்வைப் பற்றி எடுகோள் சொல்லவில்லை, கேள்வியே குறைபாடு என்று ஒரு பக்கம் வாதாடியிருக்கிறான். வாதம் சரிதான். அதற்குப் புள்ளி இல்லை. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பின்தங்கிய பட்டியலிலும் இருக்கிறது. அதனால் எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு இரண்டு வினா கூட எழுதியிருந்தாலே வாழ்க்கை வேறு பக்கம் திரும்பும். அனுமதிக்கு வேண்டிய இசட் புள்ளி அவனுக்குக் கிடைக்கவில்லை.

மூன்று தடவை எழுதலாம்தானே என்பார்கள். அந்த வருடம் டிசம்பர் 26இல் சுனாமி வந்தது. 2005இல் எழுதியது எழுதியதாகவே இல்லை. 2006 ஓகஸ்டில் சண்டை மூண்டு மூதூர்ச் சனத்தில் பெரும்பகுதி கந்தளாய்ப் பக்கம் இடம்பெயர்ந்தது. அதோடு சரி. இன்றைக்கு அவன் ஊரில் போட் இயந்திரம் திருத்துகிறான், கைராசிக்காரன் என்று பெயர். 'பாருங்கோ, சேர் படிப்பிச்சது வீண்போகேல்ல' என்று எங்கள் ஒன்றுகூடலில் ஒருவன் சொன்னான். எனக்கு அந்தப் பேச்சுப் பிடிக்கவில்லை. அவன் கேட்டது பொறியியல் பீடம். அதற்குரிய மூளை அவனிடம் இருந்ததைத் துறையடியில் எல்லாரும் பார்த்தோம். வசதியுள்ள பிள்ளைக்கு முதல் தடவை தவறினால் இரண்டாம் தடவை இருக்கிறது. வித்தியாசமாகப் படிப்பிக்கிற எவரும் முதலில் கணக்கெடுக்க வேண்டியது இதைத்தான்: நான் எடுக்கிற துணிச்சலுக்கு எந்தப் பிள்ளை காசு கட்டப்போகிறது?

அப்புறம் பின்னேரச் சபை. சேர் ஐந்தரைக்குப் பிறகு டச்சுக்குடா மதிலில் இருப்பார். பெடியன்கள் சுற்றிவர இருப்பார்கள், கச்சான் கொட்டையும் பௌதிகவியலும். நல்ல பேச்சுத்தான் நடந்திருக்கும். ஆனால் எங்கள் வீடுகளில் பொழுதுபட்ட பிறகு பெண் பிள்ளைகளை வெளியே விடமாட்டார்கள், அதுவும் வெளிவாசல் தாண்டினால் ஆமி நிற்கிற ஊரில். அடுத்த நாள் வகுப்பு "நேற்றுச் சொன்னன் தானே" என்று தொடங்கும். ஒருத்தி எழும்பி, "எங்க சேர் சொன்னீங்கள்?" என்று கேட்டாள். பெடியன்கள் சிரித்தார்கள், சேரும் சிரித்தார். அவர் எங்களை ஒதுக்கவேண்டும் என்று நினைத்திருக்கமாட்டார். மதிலில் யார் இல்லை என்று பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொருத்திக்கு 'போட்டோக்கொப்பி' என்று பெயர் வைத்தார். எல்லாவற்றையும் அழகான எழுத்தில் எழுதிவைத்துக்கொள்வாள், அதுதான் குற்றம். பட்டம் வைத்தபோது அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். அதற்குப் பிறகு வகுப்பில் அவள் கை உயர்த்தியதை நான் காணவில்லை. பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது மதில் சபையில் இருந்த பெடியன்கள் அத்தனை பேரும் அவளுடைய கொப்பியைக் கொண்டுபோய்ப் பிரதி எடுத்தார்கள். கடைக்காரருக்கு நல்ல வியாபாரம்.

எங்கள் இரசாயனவியல் ரீச்சரையும் இந்த இடத்தில் சொல்லவேண்டும். அமைதியான மனுசி. மணி அடித்ததும் வருவா, சேதன இரசாயனத் தாக்கங்களை இடமிருந்து வலமாகப் பலகை நிறைய எழுதுவா, கேள்வி கேட்டால் பதில் சொல்லுவா, போவா. சேர் ஒருநாள் பகிடியாக, "அது படிப்பிக்கிறதில்ல, சொல்வதெழுதுதல்" என்றார். அன்றிலிருந்து அந்த வகுப்பில் பின்வரிசை தூங்கியது. பெறுபேறு வந்தபோது எங்கள் ஆட்களில் பலரைத் தூக்கிவிட்டது இரசாயனம்தான். ரீச்சரின் பலகைக் குறிப்புக்கு யாரும் நன்றி சொன்னதாக ஞாபகம் இல்லை.

அதிபருக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. ஆனால் பிள்ளைகள் தலையில் வைத்துக் கொண்டாடுகிற ஆசிரியரின் வகுப்புக்குள் போய்ப் பின்வாங்கில் இருந்து பார்க்க எந்த அதிபருக்கும் ஒரு தயக்கம். சேவைக்கால ஆலோசகர் வந்தாலும் கேள்வியும் சிரிப்புமாக இருக்கிற வகுப்பைக் கண்டு மெச்சிவிட்டுப் போவார். ஊமையாக இருக்கிற பத்துப் பேரை யார் எண்ணுவது? சேர் பிறகு இடமாற்றத்தில் போய்விட்டார். போன இடத்திலும் நல்ல பெயர் என்று கேள்வி.

நான் படிப்பிக்க வந்தபோது அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதும் உண்டு, வேண்டுமென்றே விட்டதும் உண்டு. புள்ளடிக்குப் பதில் கேள்விக்குறி போடுவதை அப்படியே எடுத்தேன். பாதை இப்போது இல்லை, அதனால் துறையடிப் பாடத்தை வகுப்புக்குள் கொண்டுவந்தேன். நேரான சுவருள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, 30 சென்ரிமீற்றர் நீளம், 20 அகலம். தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு ஒரு கிலோ சீனிப் பக்கற்றை நடுவில் வைத்தால் 1.7 சென்ரிமீற்றர் அளவில் இறங்கும். ஓரத்தில் வைத்தால் சாயும், அது அடுத்த பாடத்துக்கு உதவும். யாருக்காவது செய்துபார்க்க விருப்பம் என்றால், சுவர் சரிந்த பேசின் வேண்டாம், மேலே போகப்போகப் பரப்பு மாறிக் கணக்குக் குழம்பும்.

சேர் செய்யாத ஒன்றை அதே பாடவேளையின் பின்பாதியில் செய்கிறேன். அளந்து முடிந்ததும் அதையே நான்கு பகுதியுள்ள அமைப்புக் கட்டுரை வினாவாகத் தருவேன், 20 நிமிடம், மணிக்கூடு மேசையில். பிறகு புள்ளித் திட்டத்தைக் கையில் கொடுத்து ஆளுக்காள் மாற்றித் திருத்தவிடுவேன். முதல் மாதம் முனகுவார்கள். விளங்கிய விசயத்தை எழுதுவது வேறொரு வேலை என்று தெரிந்ததும் முனகல் நின்றுவிடும். வினாத்தாளோடு வாதாடுகிறவர்களையும் நான் தடுப்பதில்லை. விடையை முடித்துவிட்டுக் கடைசியில் ஒரு வரியில் வாதாடு என்பேன்.

வரவுப் பதிவேட்டில் பென்சிலால் சின்னப் புள்ளி வைப்பது இன்னொரு பழக்கம். அன்றைக்கு யார் கேள்வி கேட்டாரோ அவருடைய பெயருக்கு நேரே ஒரு புள்ளி. இரண்டு கிழமைக்கு ஒருக்கால் புரட்டினால், புள்ளியே இல்லாத பெயர்கள் கண்ணில் குத்தும். நான் நினைத்துக்கொண்டிருந்ததைவிட எப்போதும் அதிகம் பேர். அவர்களை எல்லாருக்கும் முன்னால் எழுப்பிக் கேட்பதில் பிரயோசனம் இல்லை. செய்முறை மேசையில் அளவு வாசிக்கிற வேலையைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் போய் நின்றால் வாய் திறக்கும். வெளியே கூட்டிப்போவது பாடசாலை நேரத்தில் மட்டும், வீட்டுக் கையெழுத்தோடு, ஒரு பிள்ளையும் விடுபடாமல். பட்டப்பெயர் கிடையாது, செல்லத்துக்கும் கிடையாது. அடுத்த வகுப்பு ஆசிரியரைப் பற்றிப் பகிடி வாயில் வந்தால் விழுங்கிவிடுவேன். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம், பிள்ளைகளைச் சிரிக்கவைக்க இதைவிட இலகுவான வழி இல்லை.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். இப்படியொரு ஆசிரியர் கிடைத்தால் அவர் கேள்வி கேட்கிற விதத்தைக் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள், அவர் பேசுகிற விதத்தை அவரிடமே விட்டுவிடுங்கள். எங்கள் வகுப்பில் சிலர் சேரைப்போல் நடந்தார்கள், சேரைப்போல் ஒற்றைப் புருவத்தைத் தூக்கினார்கள், ஆனால் ஒரு வரைபைத் தாமாகக் கீறத் தெரியவில்லை. அவரோடு ஒருமுறை முரண்பட்டும் பாருங்கள். மற்ற ஆட்களின் கருத்தைக் கிழித்துப் பார்க்க ஊக்கப்படுத்துகிறவர் தன்னுடையதைக் கிழிக்க விடுகிறாரா என்று அப்போது தெரியும். எங்கள் சேர் பௌதிகவியலில் தாராளமாக விடுவார். படிப்பிக்கும் முறையைப் பற்றிக் கேட்டால் விடமாட்டார்.

பெற்றோருக்கு இது இன்னும் சிக்கல். பிள்ளை சந்தோசமாகப் போகிற வகுப்பிலிருந்து இழுத்தெடுப்பது வீண், அந்த வெறுப்பில் படிப்பே போய்விடும். மற்றப் பாடங்களின் கொப்பியைப் பாருங்கள், அவை வெறுமையாகிக்கொண்டு வந்தால்தான் கவனிக்கவேண்டும். போன தவணைப் பெற்றோர் கூட்டத்தில் தம்பலகாமத்திலிருந்து ஒரு தாய் வந்திருந்தா. மகனுக்கு வேறொரு பாடத்தில் புது சேர், பிள்ளை அவருடைய பேச்சில் மயங்கிப்போய் நிற்கிறான், ரியூசன் தேவையில்லையாம், நிப்பாட்டவா ரீச்சர் என்று கேட்டா. கடந்தகால வினாத்தாள் ஒன்றைக் கொடுத்து, "வீட்டில மூன்டு மணித்தியாலம் இருத்திப் பாருங்கோ அம்மா. கேட்ட அத்தனை வினாவையும் தொட்டிருந்தா நிப்பாட்டுங்கோ. பாதியோட நின்டா ரெண்டுக்கும் போகட்டும்" என்றேன்.

"அந்த சேருக்குக் கோவம் வருமோ?"

"வந்தா அதையும் இப்பவே தெரிஞ்சுகொள்ளுறது நல்லம் அம்மா" என்றேன்.